ஐம்பது

மீட்டரை வைத்தேன். ஐம்பது என்றது.
முனைகளை மாற்றி வைத்தேன். அப்போதும் ஐம்பது.
வெள்ளைச் சீமெந்துக் கட்டி, இருபத்தைந்து வாற்று,
மத்திய வீதியில் நிஸ்தாரின் கடையில் இருநூற்றெண்பது ரூபா.
அதற்குமேல் ஒரு தடையியிடம்
வேறென்ன விசாரிப்பது.

பிலேந்திரனின் படகு வானொலி மேசையில் கிடந்தது.
அன்ரனா இருக்க வேண்டிய இடத்தில்
அந்தக் கட்டியைப் பூட்டி
பதினாறாம் அலைவரிசையில் பொத்தானை அமுக்கினேன்.
முள் சிவப்புக்குள் போய்ப் படுத்தது.
அனுப்பிய வலுவில் பாதிக்கு மேல்
போன வழியே திரும்பி வந்து
செட்டின் நெஞ்சிலேயே அடித்தது.

செட்டில் பிழை என்று எழுதினேன்.
வெளியீட்டுத் திரான்சிஸ்டர் ஒன்று, ஆறாயிரத்து ஐந்நூறு.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாய் வந்தது.
மாற்றினேன்.
முள் மறுபடி அதே இடத்தில்.

மூன்றாம் நாள், கரண்ட் போன மத்தியானம்,
உவர்மலைப் புழுக்கத்தில் வேறு வேலை ஓடாமல்
சுத்தியலால் அந்தக் கட்டியை உடைத்தேன்.
உள்ளே
ஒரு பீங்கான் தண்டு, அதைச் சுற்றி நெருக்கமாய்
கம்பி, கம்பி, கம்பி.

மீட்டருக்குள் இருக்கும் பற்றரிக்கு அது தடை.
நொடிக்குப் பதினைந்து கோடியே அறுபது இலட்சம் தரம்
ஆடி ஆடி வரும் ஓட்டத்துக்கு அது சுருள்.
பொய் சொன்னது என்று சொல்லமாட்டேன்.
நின்றபடி கேட்டேன்,
நின்றபடியே பதில் சொன்னது.

பிறகு டப்பாக்களைப் பாயில் கொட்டித் தேடினேன்.
பழைய கரித் தடையிகள்: உள்ளே முழுக்கரி, சுருளே கிடையாது.
ஆனால் இருபது வருஷக் கடற்காற்றைக் குடித்து
ஆயிரமெல்லாம் ஆயிரத்து இருநூறாய் ஊதிப்போயிருந்தன.
உலோக ஒட்சைட்டுப் படலம்: அதிலும் கீறிய திருகு உண்டு,
என்றாலும் சில சுற்றுத்தான்.
கால்களையும் கவனிக்க வேண்டும்.
அந்த வேகத்தில் விரல்நகமளவு கம்பிகூட
தானும் ஒரு ஆள் என்று பங்கு கேட்கும்.

மண்ணிறம், கறுப்பு, சிவப்பு, ஓரத்தில் பொன்.
ஆயிரம் ஓம், இரண்டு வாற்று, இருபது.
செப்புத் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி
இடையில் தூண்களாய் நிறுத்தி
கால்களை ஒட்ட நறுக்கிப் பற்றவைத்தேன்.
பக்கம்பக்கமாய் இருபது பேர் நின்றால்
ஆயிரம் ஐம்பதாகும்.
ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்திருக்கும் சுருளும்
இருபதில் ஒன்றாகும்.

அமுக்கினேன். முள் எழும்பவில்லை.
கழற்றிப்போட்ட பழைய திரான்சிஸ்டரை
திரும்பப் பற்றவைத்துப் பார்த்தேன்.
அதுவும் வேலை செய்தது.
அதுதான் கஷ்டம்.

கொட்பேயில் பிலேந்திரன் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.
ஆறாயிரத்து ஐந்நூறையும் நீட்டினேன்.
"உங்கட செட்டில ஒரு பழுதும் இல்லை அண்ணை.
அன்ரனா வயர் முனையில உப்புப் பூத்திருக்கு, அவ்வளவுதான்.
பிழை என்ர தடையியில."

காசை வாங்காமல் கேட்டார்:
"ஐம்பது எண்டா ஐம்பதுதானே?"
மீடிறன், தூண்டல் என்று தொடங்கினேன்.
ஐஸ் பெட்டி தூக்கியவன்கூட நின்று பார்த்தான்,
எனக்கே வெட்கமாய் இருந்தது.
பிலேந்திரன் அணியத்தில் வளைத்து வைத்த கயிற்றைக் காட்டினார்.
"மெல்ல இழுத்தா பேசாம வரும்.
வெடுக்கெண்டு இழுத்தா தன்னைத் தானே பிடிச்சு நிக்கும்.
அப்பிடியோ?"
கிட்டத்தட்ட அப்படித்தான், என்றேன்.
ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு
ஐந்நூறைத் திருப்பித் தந்தார்,
உப்புப் பூத்த முனைக்காம்.

இரவு பத்தேகாலுக்கு
கொட்டியாரக் குடாவுக்கு வெளியே எங்கோ இருந்து
இயந்திர இரைச்சலுக்கு மேலால் அவர் குரல்:
"கேக்குதோ?"
கேட்டது.

உடைந்த கட்டி இன்னும் மேசையில் இருக்கிறது,
விசிறிக் காற்றில் பற்றுச்சீட்டுகள் பறக்காமல்.
ஒருநாள் சும்மா மீட்டரை வைத்தேன்.
கம்பி அறுந்திருக்கிறது.
ஒரு எண்ணும் சொல்லவில்லை.